குரவையும் றபானும் கூடும் இடம்
நிலைமின் ஒலிபெருக்கியும் அதன் அடித்தொனியும்

கல்முனைக் கடற்கரையில் அந்தி வேளையிலே சிறிது நேரம் கண்ணை மூடி நின்றால் இரண்டு ஓசைகள் காதில் விழும். ஒன்று, நுரை மணலிற் பரவிச் சிதறும் மெல்லிய சலசலப்பு. மற்றொன்று, அலை மடிந்து வீழுங்கால் நிலத்தின் அடியிலிருந்து எழுவது போன்ற கனத்த முழக்கம். முன்னையதைக் காது கேட்கிறது. பின்னையதை நெஞ்சு உணர்கிறது.

இவ்விரண்டும் நம் ஊர்களின் கொண்டாட்டங்களிலும் உண்டு. கலியாண வீட்டிற் பெண்கள் குரவையிடும்போது அவ்வொலி ஊசி முனைபோல வேலிகளைத் தாண்டிச் செல்கிறது. கடற்கரைப் பள்ளியிலே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறும் காலத்தில் பக்கீர்மார் றபான் அடித்தால் அவ்வொலி நம் விலா எலும்புகளில் வந்து தங்குகிறது. குரவை எழுப்பும் நாவும் றபான் எழுப்பும் தோலும் வெவ்வேறானவை. இவ்வளவு வேறுபட்ட இரண்டு ஓசைகளையும் ஒரே கருவி ஒரே செம்மையுடன் எழுப்ப வல்லதா? ஒலிபெருக்கி செய்வோர் ஏறத்தாழ நூறாண்டுகளாக விடைதேடும் வினா இது. அண்மையில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இதே வினா ஒரு வீட்டுப் பிரச்சினையாகவே எழுந்தது. அதனை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஓர் இளைஞரின் ஆசை

மருதமுனையைச் சேர்ந்த ஓர் இளைஞர் வளைகுடா நாடொன்றிற் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பினார். அங்கே ஒரு நண்பர் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி போன்ற மெல்லிய பலகையிலிருந்து பாட்டு எழுவதைக் கேட்டு மயங்கியிருந்தார். முதலில் தங்கைக்கு வீடு கட்டி முடித்தார். வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பதே இப்பகுதியின் வழக்கம் என்பதை வாசகர் அறிவர். அக்கடமை நிறைவேறிய பின்னரே, கையில் எஞ்சியதைக் கொண்டு பழைய சோடி ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தார். அதனைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. பின்னர் நேர்ந்த குறை கருவியினது அன்று.

கூடத்திலே சுவரோரமாக அவற்றை நிறுத்தி, வாப்பாவை எதிரில் அமர்த்தி, இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாட்டொன்றை ஒலிக்கவிட்டார். கைத்தறியில் வாழ்நாளைக் கழித்த அப்பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இரிக்கி மகன். ஆனா ஹனீபா கிணத்துக்குள்ள நிண்டு படிக்கிறாப்போலக் கேக்குது” என்றார்.

உம்மாவின் தீர்ப்பு இதனினும் கடினமாக இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. பாட்டின் அடித்தொனி கூடத்தில் உருண்டு யன்னற் கண்ணாடி அதிர்ந்தபோது எழுந்து வாசலுக்குச் சென்று கடற்பக்கம் நோக்கி நின்றார். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதியின் காலைப் பொழுதை இக்கரையில் இருந்து கண்டவர்களுக்கு, காரணந் தெரியாத முழக்கம் வெறும் ஓசையன்று.

அன்று மாலை இளைஞர் நம்மிடம் வந்து, “இதைவிட நல்ல அடித்தொனி உள்ளது எது?” என்று கேட்டார். இக்கேள்விக்கு விடைகாண முதலில் இக்கருவி இயங்கும் விதத்தை அறிதல் வேண்டும்.

பாவு விரித்தாற் போல

நாம் வழக்கமாகக் காணும் ஒலிபெருக்கியில் கடதாசிக் கூம்பு ஒன்று உண்டு. அதன் அடியிற் கம்பிச்சுருள். சுருளைச் சூழக் காந்தம். சுருளில் மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்னும் இரு பொறியியலாளர் 1925 ஆம் ஆண்டில் இவ்வகைக்குத் திருந்திய வடிவம் தந்தனர். அதே 1925 இன் டிசெம்பர் மாதத்திற்றான் கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் முறையாகத் தொடங்கிற்று. பின்னாளில் நம் வீட்டு வானொலிப் பெட்டிகளில் முழங்கியது இக்கூம்பேயாகும்.

நிலைமின் ஒலிபெருக்கியிற் கூம்பில்லை, சுருளில்லை, காந்தமுமில்லை. துளையிட்ட இரு தகடுகள். அவற்றின் நடுவே தலைமயிரினும் நொய்ந்த ஒரு மென்படலம். மருதமுனைத் தறியிலே பாவு விரிப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்கல் எளிது. பாவு தளர்ந்தால் துணி நெளியும். மிக இறுகினால் நூல் அறும். அவ்வாறே இப்படலமும் சட்டத்தில் அளவாக இழுத்துக் கட்டப்படுகிறது. அமெரிக்காவின் மாட்டின் லோகன் நிறுவனம் பயன்படுத்திய படலத்தின் தடிப்பு ஓர் அங்குலத்தின் 2,000 இல் ஒரு பங்கு.

இப்படலத்திற்குப் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தத்தில் மின்னேற்றம் ஊட்டப்படுகிறது. பாட்டின் மின்சைகை இருபுறத் தகடுகளுக்கும் செல்கிறது. ஒரு தகடு படலத்தை இழுக்கும் அதே கணத்தில் மற்றத் தகடு தள்ளுகிறது. கூம்பை அதன் அடிப்பக்கத்தில் மாத்திரம் பிடித்து அசைப்பதால் அதன் விளிம்பு சிறிது பிந்தியும் நெளிந்தும் அசையக்கூடும். படலத்திலோ விசை அதன் பரப்பு முழுவதிலும் ஒருங்கே படிகிறது. பாரமும் இல்லையென்றே சொல்லத்தக்கது. எனவே குரவையின் நுனியும், வயலின் வில்லின் உராய்வும், ஓதுவோர் வாயில் மெய்யெழுத்துகள் பிரியும் நுட்பமும் இதிற் கேட்பது போல வேறொன்றிற் கேட்டல் அரிது.

இங்கிலாந்தின் ஹன்டிங்டன் நகரில் பீட்டர் வோக்கர் என்பார் தமது குவாட் நிறுவனத்தின் வாயிலாக 1957 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த நிலைமின் ஒலிபெருக்கி இத்துறையில் ஒரு மைல்கல். இரு ஓரங்களிலும் அடித்தொனிக்கான பலகைகள். நடுவே மேற்றொனிக்கான பலகை. மனிதக் குரலை உள்ளவாறே தருவதில் அதற்கு நிகர் எதுவென்று இன்றும் இரசிகர் வாதிடுவர். ஆயினும் பேரிகை முழக்கத்தை அதனிடம் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர்.

படலத்தின் இயலாமை

ஏமாற்றத்தின் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அசைவு. ஒரே உரப்புடன் ஒரு தாயி கீழிறங்க வேண்டுமாயின் அதே பரப்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். செக்கனுக்கு 320 அதிர்விலிருந்து 40 அதிர்வுக்கு இறங்குவது மூன்று தாயி. எனவே அசைவு 64 மடங்காகிறது. தகடுகளுக்கிடையே சில மில்லிமீற்றர் இடைவெளியே பெற்ற படலம் அவ்வளவு அசைய இயலாது. இடைவெளியை அகற்றினால் மின்விசை தளர்ந்துவிடும்.

இரண்டாவது, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்தல். பலகைக்குப் பெட்டி இல்லை. படலம் முன்புறம் காற்றை நெருக்கும்போது பின்புறம் காற்று ஐதாகிறது. ஒலியலை குறுகியதாயின் இரண்டும் தத்தம் வழியே செல்லும். செக்கனுக்கு 3,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ நான்கரை அங்குலம். 30 அதிர்வுடையதன் அலைநீளமோ ஏறத்தாழ 38 அடி. ஓரடி ஈரடி அகலமுள்ள பலகை அவ்வளவு நெடிய அலைக்கு ஒரு தடையே அன்று. பின்னலை விளிம்பைச் சுற்றி முன்னே வந்து முன்னலையை அழித்துவிடும். விசிறியின் மட்டையை எவ்வளவு வேகமாக அசைத்தாலும் குளத்தில் பேரலை எழாதது போன்றதே இதுவும்.

இவ்விடரைத் தீர்க்கப் பலகையைப் பெருப்பித்தல் ஒரு வழி. குவாட் நிறுவனமே பின்னாளில் தனது 989 என்னும் வகையில் மேலதிக அடித்தொனிப் பலகைகளைச் சேர்த்தது. மற்றைய வழி, மேற்றொனியைப் படலத்திற்கும் அடித்தொனியைக் கூம்புப் பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்தல். இதுவே கலப்பு ஒலிபெருக்கி.

இக்கலப்பு புதியதன்று. 1950களிலேயே அமெரிக்க இரசிகர் பலர், எட்கார் வில்ச்சர் என்பார் ஆக்கிய மூடிய பெட்டி அடித்தொனிக் கூம்பையும், ஆதர் ஜான்சன் என்பாரின் நிலைமின் மேற்றொனிப் பலகைகளையும் சேர்த்து வைத்துக் கேட்டனர். 1980களின் முற்பகுதியில் கன்சாஸ் மாநிலத்தில் தோன்றிய மாட்டின் லோகன் நிறுவனம் இக்கலப்பையே தன் முதன்மைத் தொழிலாக வளர்த்தது.

கூட்டு வாழ்க்கையின் தையல்

கலப்பு என்றவுடனே சிக்கல் தீர்ந்ததென எண்ணலாகாது. இருவேறு இயல்பினரை ஒரு வீட்டிற் குடிவைத்தால் அவர்கள் ஒத்துவாழும் வழியையும் காண வேண்டுமன்றோ? படலம் எந்த அதிர்வில் நின்று, கூம்பு எந்த அதிர்வில் தொடங்குகிறது என்பதே முதற்கேள்வி. அவ்விடத்தைத் தையல் என்போம்.

மூன்று உதாரணங்களை ஒப்பிடுவோம். மாட்டின் லோகனின் எலெக்ட்ரோமோஷன் ஈ.எஸ்.எல். என்னும் சிறிய வகையிற் கூம்பு 8 அங்குலம். தையல் செக்கனுக்கு 500 அதிர்வில். அதே நிறுவனத்தின் றினைசன்ஸ் 15ஏ என்னும் பெரிய வகையில் 12 அங்குலக் கூம்புகள் இரண்டு, அவற்றுக்கெனத் தனி அம்பிளிபயர்கள். தையல் 300 அதிர்வில். றொஜர் சான்டர்ஸ் என்பார் ஆக்கிய பத்தாம் இலக்க வகையில் 10 அங்குலக் கூம்பு. தையல் 172 அதிர்வில். நிறுவனத்தாரின் கணக்குப்படி முதலாவது ஏறத்தாழ 42 அதிர்வு வரையும், இரண்டாவது 22 அதிர்வு வரையும் இறங்கும். வெளியான காலத்தில் முதலாவதன் சோடி 2,000 டொலர்களுக்குச் சிறிது மேல். இரண்டாவதன் சோடி ஏறத்தாழ 25,000 டொலர். நம் ஊரிலே ஒரு குமருக்கு வீடு எழுப்பத்தக்க பணம் அது.

இத்தொகைகளைவிட நாம் கவனிக்கவேண்டியது தையல் விழும் இடத்தையே. ஆண்மகன் பேசும்போது அவன் குரலின் அடிச்சுரம் செக்கனுக்கு ஏறத்தாழ 85 முதல் 180 அதிர்வுக்குள் நிற்கும். ஓங்கிப் பாடும்போது 300, 400 வரையும் ஏறும். தையல் 500 இல் இருந்தால் பாடகரின் அடிச்சுரம் கூம்பிலிருந்தும், அதன் மேற்சுரங்கள் படலத்திலிருந்தும் வரும். உடல் ஓரிடத்தும் நா மற்றோரிடத்தும் இருப்பது போன்ற நிலை அது. இரண்டையும் செவ்வனே இணைத்தல் கூடும். ஆயினும் பெரும் உழைப்பு வேண்டும். தையல் 300 இல் விழுந்தால் பாடகர் ஏறி இறங்கும்போதெல்லாம் அதனைக் கடந்து செல்வார். 172 இல் விழுந்தால் பாட்டின் பெரும்பகுதி படலத்திடமே தங்கிவிடும்.

அங்ஙனமாயின் எல்லாரும் தையலைத் தாழ்த்தி வைத்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். தையல் தாழத் தாழப் படலம் கூடுதலாக அசையவேண்டும். பலகையும் பெருக்க வேண்டும். தட்டையான பெரும்பலகை மேற்றொனியை ஒளிக்கற்றை போல நேரே செலுத்தும். சான்டர்ஸ் அதனை விரும்பியே செய்தார். சுவரிற்பட்டுத் திரும்பும் ஒலி குறைந்து, நேர் எதிரில் அமர்ந்தவருக்குப் பாடகர் கண்முன் நிற்பார். ஆனால் அது ஒருவருக்குரிய நாற்காலி. மாட்டின் லோகன் தன் பலகையை வளைத்து ஒலியை ஏறத்தாழ 30 பாகை அளவில் விரித்தது. வாப்பா, உம்மா, தங்கை, மச்சான், பிள்ளைகள் எனப் பத்துப்பேர் பாயில் அமர்ந்து கேட்கும் நம் கூடங்களுக்கு வளைந்த பலகையே பொருந்தும்.

தூரமும் ஒரு வேறுபாட்டை உண்டாக்கும். உயர்ந்த பலகையின் ஒலி, தூரம் இருமடங்காகும்போது ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது; சிறு கூம்பின் ஒலி, சுவர்களின் துணையில்லாத வெளியில், 6 டெசிபல் குறைகிறது. எனவே முன்வரிசையில் ஒத்திருந்த இரண்டும் பின்வரிசையில் ஒவ்வாது போகலாம். பின்லாந்தின் கிரேடியன்ட் நிறுவனம் குவாட் பலகைகளுக்கென ஆக்கிய அடித்தொனிக் கருவியில் வேறு வழியைக் கையாண்டது. பெட்டியின்றிக் கூம்புகளைத் திறந்த சட்டத்தில் வைத்து, படலத்தைப் போலவே முன்னும் பின்னும் ஒலிக்கவிட்டது. இருவரது நடையையும் ஒன்றாக்கினால் உறவு இலகுவாகும் என்பது அவர்கள் கருத்து.

‘வேகமான’ அடித்தொனி

இத்துறையினர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்றுண்டு: படலம் வேகமானது, கூம்பு மந்தமானது, ஆகவே இரண்டும் ஒட்டா என்பர். இதில் உண்மை பாதியே. செக்கனுக்கு 40 முறை அசைய வேண்டிய கூம்பு 40 முறையே அசையும். அதற்குமேல் அதற்கு வேகம் வேண்டியதில்லை. நாம் மந்தம் என உணர்வது, நிற்கவேண்டிய நேரத்தில் நில்லாமையை. றபானில் அடி விழுந்தது. கை தோலில் அமர்ந்து ஓசையை அடக்கிவிட்டது. ஆயினும் பெட்டி முனகிக்கொண்டேயிருக்கிறது என்றால் அடுத்த அடி அம்முனகலுக்குள் அமிழ்ந்துபோகும்.

இது பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே வில்லாக நின்று கூம்பை அடக்குகிறது. துளைவைத்த பெட்டி அத்துளையின் துணையால் மேலும் கீழிறங்கும். ஆயினும் ஓசை அடங்கச் சற்று நேரமெடுக்கும். சான்டர்ஸ் கையாண்ட முறையிற் கூம்பின் பின்னலை, மடித்து வைத்த நெடிய குழாய் வழியே சென்று அங்கே பஞ்சு போன்ற அடைப்பில் பெரிதும் ஓய்ந்துவிடுகிறது. எதனைத் தெரிவாயினும் கேட்பவர் காணவேண்டிய சோதனை ஒன்றே: மேளம் நின்றபோது பெட்டியும் நின்றதா?

கூடமும் ஒரு பெட்டியே

இனி நம் இளைஞரின் வீட்டுக்கு மீள்வோம். அவரது கூடம் பதினாறடி நீளம், பன்னிரண்டடி அகலம். சீமெந்துச் சுவர், மேலே கொங்கிறீற்றுத் தட்டு. இத்தகைய கூடத்தில் நீளவாக்கில் செக்கனுக்கு ஏறத்தாழ 35 அதிர்விலும், அகலவாக்கில் 47 அதிர்விலும் ஒலி சுவர்களுக்கிடையே ஊஞ்சலாடும். அவ்வதிர்வுகள் பாட்டில் வரும்போதெல்லாம் கூடமே சேர்ந்து முழங்கும். பாரமான சுவர் அடித்தொனியை வெளியே விடாது திருப்பி அனுப்பும். ஓட்டுக்கூரையின் கீழ், யன்னல்கள் திறந்த பழைய வீட்டில் இதே கருவி இவ்வளவு உருட்டியிராது.

ஹனீபா கிணற்றுக்குள் நின்ற காரணம் இதுவே. பெட்டிகள் பின்சுவரையும் மூலையையும் ஒட்டி நின்றன. வாப்பாவின் கதிரையோ எதிர்ச்சுவரில் முதுகு சாய்த்திருந்தது. ஊஞ்சல் மிக ஓங்கும் இடங்கள் சுவரோரங்களேயாகும்.

நாம் செய்தது மிக எளிய வேலை. இரு பலகைகளையும் சுவரிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல் முன்னே இழுத்தோம். பலகையின் பின்புறம் எழும் ஒலிக்கும் அவ்விடைவெளி இன்றியமையாதது. கதிரையைச் சுவரிலிருந்து பிரித்து முன்னே கொணர்ந்தோம். பெட்டியின் பின்னே அடித்தொனி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தது, அதனைத் தாழ்த்தினோம். யன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் போட்டோம்; திரை மேற்றொனியை மட்டுப்படுத்துமேயன்றி அடித்தொனியைத் தடுக்காது என்பதையும் சொல்லி வைத்தோம். பின்னர் அதே பாட்டை மறுபடியும் ஒலிக்கவிட்டோம். றபான் போன்ற தாளக்கருவி ஒவ்வோர் அடியிலும் தொட்டது, விட்டது. பாடகர் கிணற்றைவிட்டு மேலே ஏறி வந்திருந்தார்.

அயலாரும் இரவும்

கல்முனைப் பகுதியிலே வீட்டுக்கு வீடு மதில் ஒன்றே எல்லை. மேற்றொனியை மதில் மறைக்கும், அடித்தொனியை மறைக்காது. அடுத்த வீட்டுக் குழந்தை கேட்பது பாட்டை அன்று, பாட்டின் உதையை மாத்திரமே. 2007 ஆம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கிற்று. அவ்வழக்கு பொது இடத்து ஒலிபெருக்கிகளைப் பற்றியது. எனினும் கேளாதிருக்கும் உரிமையும் அயலானுக்கு உண்டு என்னும் கருத்து வீட்டுக் கூடத்துக்கும் பொருந்துவதே.

இரவில் ஒலியைக் குறைத்தால் வேறொரு வேடிக்கை நிகழும். பாட்டு முழுவதும் ஒரே அளவிற் குறைந்தாலும் அடித்தொனி மாத்திரம் மறைந்துவிட்டது போலத் தோன்றும். மனிதக் காது தாழ்ந்த உரப்பில் அடித்தொனியைக் குறைவாகவே உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். எனவே அடித்தொனியைத் தனியே சிறிது கூட்டும் திருகுள்ள கருவி, மெல்லக் கேட்பவருக்கே பெருந்துணையாகும். அத்திருகை நண்பர்களை அதிரவைக்கும் ஆயுதமாகக் கொள்வது அதன் பயனை அறியாமையாகும்.

நம் கரைக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. உயர்ந்த மின்னழுத்தம் தூசியைத் தன்பால் இழுக்கும். உப்புக்காற்றின் ஈரம் மின்னேற்றத்தைக் கசியவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பலகையின் ஒலி சற்றுச் சோர்ந்தாற் போலவும், சிறு வெடிப்புச் சத்தம் எழுவது போலவும் தோன்றினால் வியக்க வேண்டா. கடற்பக்க யன்னலுக்கு எதிரே பலகையை நிறுத்தலாகாது. மின்னிணைப்பைக் கழற்றிப் பல மணி நேரம் ஆறவிட்ட பின்னரே தூசி உறிஞ்சும் கருவியால் மென்மையாகத் துடைத்தல் வேண்டும். ஈரத்துணி அதனருகே செல்லவே கூடாது. இவ்வளவு பேணுதல் இயலாதெனக் கருதுவோர் நல்ல கூம்புப் பெட்டி ஒன்றுடன் நிறைவடைவதே அறிவுடைமை.

வாங்குமுன்

இளைஞர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அடித்தொனி எத்தனை அதிர்வு வரை இறங்குகிறது என்பது விளம்பரத் தாளிற் காணும் இலக்கம். வாங்குபவர் தமக்குப் பழகிய ஒரு குரலையும் பழகிய ஒரு மேளத்தையும் உடன் கொண்டு செல்லட்டும். குரல் ஒரே மனிதரின் வாயிலிருந்து வருகிறதா என்று கேட்கட்டும். மேளம் நின்றவுடன் அமைதி உண்டாகிறதா என்று கேட்கட்டும். பின்னர் எழுந்து பின்வரிசைக்கு நடந்து, அங்கேயும் குரலும் மேளமும் பிரியாது நிற்கின்றனவா என்று கேட்கட்டும். இம்மூன்றிலும் தேறிய சிறிய கருவி, தேறாத பெரிய கருவியினும் மேலானது.

நம் இளைஞருக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. வீடு தங்கையினுடையது, அவரோ நாளை மணமுடித்து மனைவி வீடு செல்பவர். அக்கூடம் எத்தனை அடி, அதன் கூரை ஓடா கொங்கிறீற்றா என்பது இன்று அவருக்கே தெரியாது. ஆகவே இருபத்தைந்தாயிரம் டொலர்க் கனவைத் தள்ளிவைத்து, அறைக்கேற்ப அடித்தொனியைக் கூட்டிக் குறைக்கத்தக்க இப்பழைய சோடியையே வைத்துக்கொள்ளும்படி கூறினோம். அவரும் சிரித்து ஒப்புக்கொண்டார்.

நாம் விடைபெறும் வேளையில் வாப்பா பலகையருகே சென்று, துளைகளினூடே தெரிந்த படலத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “பாவு நல்லாத்தான் இழுத்திரிக்கானுகள்” என்றார். உம்மா தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மேளம் ஒலித்து ஒலித்து நின்றது. இம்முறை அவர் வாசலுக்குச் செல்லவில்லை. பாயின் ஓரத்தில் அமர்ந்து, அடுத்த பாட்டையும் போடும்படி மகனிடம் கேட்டார்.